புகை வராத புகைக்கூடு

ஆழ்வாப்பிள்ளையர் அன்றைக்கு ஒரு பெரிய தீர்மானம் எடுத்தார். இனிமேல் பெண்சாதிக்குப் பயப்படுவதில்லை. தீர்மானத்தை மனதுக்குள்ளேதான் எடுத்தார். வாய்விட்டு எடுத்தால் குசினியில் நிற்கிற பராசக்திக்குக் கேட்டுவிடும்.

சண்டிலிப்பாயில் அவருக்கு ‘எம்டன் ஆழ்வாப்பிள்ளை’ என்று பெயர். ஆளுக்கும் பெயருக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. எங்கள் பக்கத்தில் சூழ்ச்சிக்காரனைக் கண்டால் ‘உவன் பெரிய எம்டன்’ என்போம். முதல் யுத்தத்தில் தன்னந்தனியாக வந்து, கண்ட கண்ட துறைமுகத்தில் எல்லாம் குண்டு போட்டுவிட்டு ஓடித் திரிந்த ஜேர்மன்காரனின் போர்க்கப்பல் அது. ஆழ்வாப்பிள்ளையரோ பொய் சொன்னால் காது சிவக்கிற மனுசன். அவர் பினாங்குத் துறைமுகக் கந்தோரில் படம் கீறுகிற உத்தியோகம் பார்த்தவர். எம்டன் பினாங்குக்குள் புகுந்த அந்த விடியற்காலையில் அவரும் அங்கேதான் இருந்தார். பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்த நாள் தொடக்கம் அந்தக் கதையைச் சொல்லாமல் அவர் ஒரு கலியாண வீட்டிலும் சாப்பிட்டதில்லை, ஒரு செத்தவீட்டிலும் அழுததில்லை.

“எம்டனுக்கு மூண்டு புகைக்கூடு. மூண்டோடை வந்தால் உடனை பிடிபட்டுப்போம். ஜேர்மன்காரன் என்ன செய்தான்? கித்தானைச் சுத்தி நாலாவது புகைக்கூடு ஒண்டு கட்டினான். வெள்ளைக்காரன்ரை கப்பலுக்கு நாலு. தூரத்திலை பாத்தவன், ‘ஓ, எங்கடை ஆக்கள்தான் வருகினம்’ எண்டு பேசாமல் இருந்திட்டான். என்ரை இந்தக் கண்ணாலை கண்டது!”

‘இந்தக் கண்ணாலை’ என்னும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் காட்டுவார். பக்கத்தில் சோறு பரிமாறிக்கொண்டு நிற்கும் பராசக்தி ஒன்றும் சொல்லமாட்டாள். நாலு பேருக்கு முன்னால் புருசனை விட்டுக்கொடுக்கிறவள் அல்ல அவள். உண்மை என்னவென்றால், எம்டன் சுட்ட முதல் வெடிக்கே ஆழ்வாப்பிள்ளையர் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அந்தக் கப்பலை முன்னிருந்து பின்வரை வடிவாகப் பார்த்தவள் பராசக்திதான். கலியாணம் முடித்துப் போன புதிது. பயப்படத் தெரியாத வயது. “நாலு புகைக்கூடு தெரியுது. மூண்டிலைதான் புகை வருது. நாலாவது சும்மா நிக்குது” என்று ஒவ்வொன்றாய்க் கட்டிலுக்குக் கீழே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணால் கண்டதெல்லாம் அவள் வாயால் கேட்டது.

அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்க இப்போது வீட்டில் ஆள் இல்லை. ஒரே பிள்ளை இராசநாயகம், தகப்பன் இருந்த அதே பினாங்கில் அதே கந்தோரில் உத்தியோகம். போன மார்கழியில் யப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான். அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. மலாயா முழுக்க யப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. பிள்ளை இருக்கிறானா, இல்லையா என்று போய்க் கேட்க ஒரு வாசல் இல்லை. சித்திரையில் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. தபாற்காரன் அவர்களுடைய வாசற்படலையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உழக்குவான். பராசக்தி ஒவ்வொரு நாளும் படலையடியில் நிற்பாள். ஏன் நிற்கிறாய் என்று அவர் கேட்கமாட்டார். அவளும் சொல்லமாட்டாள். வீடு முழுக்க அந்தச் சொல்லாத கதைதான் நிறைந்து கிடந்தது.

அவள் படலையில் நின்றாள். அவர் எம்டனைக் கீறினார்.

சும்மா கீறவில்லை. பழைய வேட்டித் துண்டைக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் விறைக்கக் காயவைத்து, அதன்மேல் அளவுகோல் பிடித்துக் கீறினார். இரும்புத் தகடு தகடாய், ஆணி ஆணியாய், பீரங்கி பீரங்கியாய். அடுப்புச் சாம்பலைக் குழைத்துக் கப்பலுக்கு நிறம் பூசினார். எங்கே கீறினாலும் கடைசியில் பினாங்குக் கரையும் அந்தக் கரையில் ஒரு வீடும் வந்துவிடும். அந்த வீடு வந்த உடனே கண்ணீர் வரும். கண்ணீர் வந்தால் சாம்பல் நிறம் கரையும். திரும்பவும் முதலில் இருந்து.

“இஞ்சருங்கோ, இதிலை வச்ச கஞ்சி எங்கை?”

“கஞ்சியோ? எந்தக் கஞ்சி?”

“நீங்களும் நானும் குடிக்க வச்ச கஞ்சி.”

“அது வந்து… கப்பல் குடிச்சிட்டுது, பராசக்தி.”

“உடுப்புக்குப் போட வச்ச நீலம்?”

“கடலுக்குப் போட்டிட்டன்.”

“அட கோதாரி! உங்கடை வேட்டியைப் பாருங்கோ, பழுத்த பனங்காய் மாதிரிக் கிடக்குது. வேட்டிக்கு இல்லாத நீலம் கடலுக்கோ? கடல் எங்கடை படலையைத் திறந்துகொண்டு கோயிலுக்குப் போகப்போகுதோ?”

“உமக்கு உது விளங்காது. படம் எண்டால் சரியாய் இருக்கவேணும். எம்டனின்ரை நிறம் சும்மா சாம்பல் இல்லை. விடியக் காலமைக் கடலோடை கலந்து நிக்கிற சாம்பல். ஒரு துளி நீலம் இல்லாட்டி அது எம்டன் இல்லை, எங்கடை அடுப்பு.”

பராசக்தி குனிந்து படத்தைப் பார்த்தாள். கரையில் இருந்த அந்த வீட்டையும் பார்த்தாள். அவளுடைய முகம் மாறிப்போய்விட்டது.

“கப்பல் கீறினால் பிள்ளை வருவானோ?” என்று கேட்டாள்.

ஆழ்வாப்பிள்ளையர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார், பிசைந்து பூனைக்கு வைத்துவிட்டு எழும்பினார்.

“கீறுற நாளிலை நீங்கள் சாப்பிடுறியள் இல்லை. கண் மூடுறியளும் இல்லை. காணும், நிப்பாட்டுங்கோ. இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் கப்பல் கீறக்கூடாது” என்றாள் பராசக்தி.

அன்றைக்குத்தான் அவர் அந்தத் தீர்மானத்தை எடுத்தார். வீட்டில்தானே கீறக்கூடாது? கொல்லைப்புறத்தில் புகையிலைக் கொட்டில் இருக்கிறதே. புகையிலை எல்லாம் விற்று முடிந்து கொட்டில் சும்மா கிடந்தது.

தீர்மானத்துக்கு இன்னொரு வாலும் இருந்தது. அடுத்த வளவுக்கார ஏரம்பு, கடற்படைக்காரருக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு தன்னுடைய லொறியில் திருகோணமலைக்குப் போய்வருகிறவன். அவன் ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்ன கதை ஆழ்வாப்பிள்ளையரின் நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது.

“அண்ணை, இப்ப கப்பலுக்கெல்லாம் திட்டுத் திட்டாய் நிறம் பூசுறாங்கள். நீலம், பச்சை, கறுப்பு. பாத்தால் எது முன்பக்கம், எது பின்பக்கம் எண்டு தெரியாது. தலை சுத்தும்.”

“ஏன் பூசுறாங்கள் எண்டு தெரியுமோ, தம்பி? கடலிலை நிக்கிற கப்பலைக் கடலுக்குள்ளையே ஒளிக்க! எம்டன்காரன் கித்தானிலை செய்ததை இவங்கள் பெயின்றிலை செய்யிறாங்கள். உந்த வேலைக்கு என்னைப்போல ஆள் தேவை.”

“தேவைதான் அண்ணை. உங்களை ஆர் விடப்போகினம்?” என்று ஏரம்பு குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

உண்மையில் அவருக்குப் பெயின்ற் வேலையில் ஆசை இல்லை. திருகோணமலைக்குக் கப்பல்கள் வரும். கப்பலில் ஆட்கள் வருவார்கள். பினாங்கில் இருந்து தப்பி வந்தவன் ஒருவனாவது அவர்களில் இருக்கமாட்டானா? ‘துறைமுகக் கந்தோரிலை இராசநாயகம் எண்டொரு பிள்ளை, நெற்றியிலை ஒரு தழும்பு’ என்று ஒருவனையாவது கேட்க முடியாதா? அதற்குத் துறைமுகத்துக்குள் நிற்க வேண்டும். சும்மா போய் நிற்கவிடமாட்டார்கள். எம்டனைச் சரியாகக் கீறிக்கொண்டு போய்க் காட்டினால் வேலை தருவார்கள், வேலை தந்தால் உள்ளே நிற்கலாம். இதுதான் கிழவரின் கணக்கு. பராசக்தியிடம் சொன்னால் விடமாட்டாள். குண்டு விழுகிற இடம்.

கொட்டிலுக்குள் கீறலாம். ஆனால் மத்தியானத்தில் அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து கண்ணயர்வது ஊர் அறிந்த வழக்கம். கதிரை வெறுமையாய்க் கிடந்தால் பராசக்தி தேடிக்கொண்டு வருவாள். யோசித்தார். மூளையில் மின்னல் அடித்தது. மூன்று புகைக்கூட்டை நாலாக்கினான் ஜேர்மன்காரன். ஒரு ஆழ்வாப்பிள்ளையை இரண்டாக்க முடியாதா?

தலையணையைக் கதிரையில் சாத்தினார். அதற்கு வேட்டி கட்டினார். சால்வையால் முகத்தை மூடினார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பழைய கண்ணாடியை வைத்தார். கீழே செருப்பு இரண்டையும் ஒழுங்காய் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே பயமாய் இருந்தது, அவ்வளவு உயிர்.

ஒரு குறை இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் ஆள். தலைமாட்டில் நின்று பார்த்தால் தகடு. எம்டன்காரனுக்கும் முதலில் இந்தப் பிழைதான் வந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறார். தட்டையாய்க் கட்டிப் பிறகு உருட்டிக் கட்டினானாம். அடுத்த நாள் வைக்கோல் அடைத்து வயிறு வைத்தார்.

வேலை தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மத்தியானமும் பராசக்தி குசினியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டதும் தலையணை கதிரைக்கு, தலைவர் கொட்டிலுக்கு. கீறி முடித்துத் திரும்பி வந்தால் கதிரைக்குப் பக்கத்தில் கோப்பி வைத்திருக்கும். ‘பாவம், நித்திரை எண்டு நினைச்சு எழுப்பாமல் வச்சிட்டுப் போயிருக்கிறாள்’ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு குடிப்பார். கோப்பி எப்போதும் ஆவி பறக்கச் சுடச்சுட இருக்கும். அவர் எந்த நேரம் வந்தாலும் எப்படிச் சுடுகிறது என்று அந்த மனுசன் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னொரு புதுமையும் நடந்தது. அவர் அவசரத்தில் கோணலாக வைத்துவிட்டுப் போகிற தலையணை, திரும்பி வரும்போது நேராய் இருக்கும். ஒருநாள் அதன் மடியில் விசிறி கிடந்தது. தன்னுடைய கைவேலை நாளுக்கு நாள் திருந்திவருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோச்சென்று நினைக்குமாம். எங்கள் ஆழ்வாப்பிள்ளையர் கண்ணைத் திறந்துகொண்டே நினைத்தார்.

திருட்டுத்தனமாய்க் கீறத் தொடங்கிய பிறகு அவருக்குப் பசிக்கவும் தொடங்கியது. இரண்டாம் முறை சோறு கேட்டார். பராசக்தி வாயைத் திறவாமல் போட்டாள்.

எல்லாம் சரி. கப்பலின் மூக்கு மட்டும் சரிவரவில்லை. அணியம் தண்ணீரைத் தொடுகிற இடத்தில் முன்னுக்கு நீண்டிருந்ததா, பின்னுக்குச் சரிந்திருந்ததா? கட்டிலுக்குக் கீழே இருந்தவருக்கு எப்படித் தெரியும்? கடற்படைக்காரன் முதலில் பார்ப்பது மூக்கைத்தானே? கேட்டால் காரியம் கெட்டுப்போகும், கேளாவிட்டால் படம் கெட்டுப்போகும். இரண்டு நாள் விழுங்கிப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

“இஞ்சரும் பராசக்தி, பினாங்கிலை நாங்கள் இருந்த வீட்டு யன்னலாலை பாத்தால் என்ன தெரியும்?”

“கடல் தெரியும்.”

“கடலிலை?”

“கப்பல் தெரியும்.”

“கப்பல்களுக்கெல்லாம் மூக்கு எப்பிடி இருக்கும் எண்டு… சும்மாதான் கேக்கிறன்.”

“எல்லாக் கப்பலையும் எனக்குத் தெரியாது. அண்டைக்கு வந்ததுக்கு மூக்கு கீழை தண்ணிக்குள்ளை முன்னுக்கு நீண்டு கிடந்தது. உங்கடை மூக்கு மாதிரி. போகக்கூடாத இடத்துக்கு முன்னுக்குப் போறது.”

“நான் எங்கை போறன்?” அவருக்குக் காது சிவந்துவிட்டது.

“நானும் சும்மாதான் சொன்னன்” என்றுவிட்டுப் பராசக்தி படலையடிக்குப் போனாள்.

அடுத்த நாளே மூக்கு நீண்டது. படம் முடிந்தது. மூன்று உண்மைப் புகைக்கூடு, ஒரு பொய்ப் புகைக்கூடு. உண்மை மூன்றிலும் புகை. கித்தான் மடிப்புத் தெரிய நாலாவது. இனி ஒரு வெள்ளைக்காரனும் பிழை பிடிக்க முடியாது. வேலிக்குப் போய் ஏரம்புவைக் கூப்பிட்டுக் காதுக்குள் விசயத்தைச் சொன்னார். ஏரம்பு தலையைச் சொறிந்தான். பிறகு, “சரி அண்ணை. நாளை மத்தியானம் லொறியைச் சந்தியிலை ஆலமரத்தடியிலை விடுறன். ராவைக்கு வவுனியாவிலை தங்கினால் விடியத் திருகோணமலை. ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதேங்கோ” என்றான்.

“நானோ? நீ குணலட்சுமியிட்டைச் சொல்லாமல் இரு, அது காணும்.”

குணலட்சுமி என்பது ஏரம்புவின் பெண்சாதி. பகலில் கதைக்கிற சத்தமும் இரவில் விடுகிற குறட்டையும் இரண்டு வளவுக்குக் கேட்கும்.

மறுநாள் மத்தியானம் தலையணைக்கு வழக்கத்தைவிடக் கவனமாக வேட்டி கட்டினார். சால்வையை இழுத்து மூடினார். படத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தார். பராசக்தி பாயில் சேலையால் தலைமுதல் கால்வரை போர்த்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

ஆழ்வாப்பிள்ளையர் லேசில் ஏமாறுகிற ஆளா? புகைக்கூட்டைக் கண்டால் போதாது, புகை வருகிறதா என்று பார்க்க வேண்டும். காதைக் கொடுத்துக் கேட்டார். ‘கொர்ர்ர்’ என்று நல்ல குறட்டை. சரி, உண்மையான புகைக்கூடுதான்.

போயிருக்கலாம். கால் எழும்பவில்லை. அறை வாசலில் நின்றார். எம்டன் வந்த அன்றைக்கு, கட்டிலுக்குக் கீழே கிடந்த அவர் தன் காலைப் பிடித்துக்கொள்ள விட்டுவிட்டு யன்னலில் நின்றவள். பெற்ற பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டு அழாமல் திரும்பி வந்தவள். அவளுக்குச் சொல்லாமல் போவது பாவம் என்று தெரிந்தது. சொல்லிவிட்டுப் போக முடியாது என்பதும் தெரிந்தது.

“பிள்ளையின்ரை சேதியோடைதான் வருவன். என்னைக் கோவியாதையும்” என்று அந்தச் சேலைப் போர்வையைப் பார்த்து மெல்லச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தால் இறங்கிவிட்டார்.

வெயில் கொளுத்தியது. ஒழுங்கையில் ஒரு நாய்கூட இல்லை. ஆலமரத்தடியில் லொறி நின்றது. பின்பக்கம் படங்கால் மூடிக் கட்டியிருந்தது. ஏரம்பு சக்கரத்தில் சாய்ந்து நின்று, சேட்டெல்லாம் வேர்வையாய், மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

“முன்னாலை ஏறுங்கோ, அண்ணை.”

கதவைத் திறந்தார். உள்ளே பராசக்தி இருந்தாள்.

கோயிலுக்கு உடுக்கிற சேலை. மடியில் ஓலைப்பெட்டி. பெட்டிக்குள் அவருடைய மாற்று வேட்டி, இருமல் குளிசை, வாழையிலையில் கட்டிய சோறு. அவர் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். தோளில் இருந்த எம்டன் நழுவி விழுந்தது.

“நீர்… நீர் பாயிலை…”

“ஏறுங்கோ. நேரம் போகுது.”

“எங்கை?”

“நீங்கள் போற இடத்துக்கு. நானும் வாறன்.”

“உமக்கென்ன விசரோ? அங்கை குண்டு போடுறாங்கள்!”

“உங்கடை தலையைப் பாத்து விலகி விழும் எண்டு யப்பான்காரன் சொன்னவனோ?”

“நான் வேலைக்குப் போறன், பராசக்தி. கப்பலுக்கு நிறம் பூச…”

“நீங்கள் பிள்ளையைப் பற்றிக் கேக்கப் போறியள்.” பராசக்தி ஓலைப்பெட்டியை மடியோடு இழுத்துக்கொண்டாள். “பத்து மாதம் சுமந்தவள் நான். எனக்குக் கேக்கத் தெரியாதோ? ஏறுங்கோ, ரெண்டு பேரும் போய்க் கேப்பம். குண்டு விழுந்தால் ரெண்டு பேருக்கும் விழட்டும். பிள்ளை வந்து படலையைத் திறக்கேக்கை வீட்டிலை ஒருத்தரும் இல்லாட்டி என்ன? அடுத்த வீட்டிலை விசாரிச்சுக்கொள்ளுவான்.”

ஆழ்வாப்பிள்ளையருக்குப் பூட்டிய வீட்டுக்கு முன்னால் பெட்டியோடு பிள்ளை நிற்பது அப்படியே கண்ணுக்குள் தெரிந்தது.

“ஒருத்தனைப் பாத்துக்கொண்டு படலையிலை நிக்கிறன். ரெண்டு பேரைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது. ஏலாது, சொல்லிப்போட்டன்” என்றாள் அவள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். படலையில் நின்ற இத்தனை மாதத்தில் அழாதவள், ஆலமரத்தடியில் லொறிக்குள் இருந்து அழுதாள்.

ஆழ்வாப்பிள்ளையர் மிதிபலகையில் வைத்த காலை எடுத்தார். அவளைக் குண்டுக்குள் கொண்டுபோக அவருக்கு மனமில்லை. தான் போகாவிட்டால் அவளும் போகமாட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாகப் பெண்சாதியைக் காப்பாற்றுகிறோம் என்று அவருக்கு ஒரு துக்கமான பெருமை வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார்.

“தம்பி ஏரம்பு, நீ போ. நாங்கள் வரேல்லை. வெங்காயம் பழுதாய்ப்போம், கெதியாய் எடு லொறியை!”

ஏரம்பு நின்ற இடத்திலேயே நின்றான்.

“எப்பிடி அண்ணை எடுக்கிறது? இந்தக் கிழமை ஒரு சொட்டுப் பெற்றோல் தரேல்லை. இப்பதான் ரெண்டு பேரைப் பிடிச்சுத் தள்ளி இதிலை கொண்டந்து விட்டனான். நீங்கள் வந்து கேட்டால் மாட்டன் எண்டு சொல்லாதை எண்டு அக்கா முதலே சொல்லி வச்சவா, நான் என்ன செய்யிறது?”

ஆழ்வாப்பிள்ளையர் ஓடிப்போய்ப் படங்கைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு வெங்காயத் தோல் கிடந்தது.

“லொறி எண்டு கண்டியள். புகை வருதோ எண்டு பாத்தியளோ?” என்றாள் பராசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அப்ப, பாயிலை கிடந்தது? குறட்டை கேட்டதே! நான் வடிவாய்க் கேட்டனான்!”

“இத்தனை வருசத்திலை நான் எப்ப குறட்டை விட்டனான்?”

யோசித்துப் பார்த்தார். ஒருநாளும் விட்டதில்லை. அது குணலட்சுமியின் குறட்டை. வேலிக்கு மேலால் இத்தனை வருசம் கேட்ட குறட்டை. ‘என்னைக் கோவியாதையும்’ என்று கண்ணீரோடு விடைபெற்றது அடுத்த வீட்டுக்காரியிடம். ஆழ்வாப்பிள்ளையர் ஏரம்புவின் முகத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்தார்.

“அப்ப கதிரையிலை இருக்கிறவர்?” என்று கடைசியாய்க் கேட்டார்.

“அவர் முதல் நாளே பிடிபட்டவர். நீங்கள் நித்திரை கொண்டால் கூரையிலை ஓடு ஆடும். அவர் சத்தமில்லாமல் கிடக்கிறார். கழுத்தும் கோணி. ஆரும் வந்து பாத்தால் உங்களுக்குப் பாரிசவாதம் எண்டு ஊரெல்லாம் கதை வந்திடும். நான்தான் நிமித்தி நிமித்தி வச்சனான்.”

“தெரிஞ்சுகொண்டே ஏன் பேசாமல் இருந்தனீர்?”

“முன்னுக்கு இருந்து கீறினியள், சாப்பிடேல்லை. ஒளிச்சுக் கீறினியள், சோறு கேட்டுத் திண்டியள். ஒளியட்டும் எண்டு விட்டிட்டன்.”

அவர் கீழே கிடந்த படத்தை எடுத்து மண்ணைத் தட்டினார். பராசக்தி அதைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கரையில் இருந்த வீட்டின் யன்னலில் சிறிதாய் ஒரு பெண்பிள்ளை நின்றாள். கட்டிலைக் கீறவில்லை. அவ்வளவுக்கு உண்மை வேண்டாம் என்று விட்டிருந்தார்.

“மூக்குச் சரி. கொண்டுபோய்ச் சுவரிலை கொழுவுங்கோ. பிள்ளை வந்தால்…” என்று நிறுத்தி, தானே திருத்திக்கொண்டாள். “பிள்ளை வரேக்கை பாப்பான்.”

ஏரம்பு மெல்லக் கனைத்தான். “அண்ணை, தள்ளின பெடியள் போயிட்டாங்கள். லொறியை இதிலை விட்டிட்டுப் போகேலாது. ஒரு கை குடுங்கோ.”

பராசக்தி இறங்குவாள் என்று அவர் பார்த்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். சண்டிலிப்பாய் ஒழுங்கையில் எம்டன் ஆழ்வாப்பிள்ளை லொறி தள்ளினார். முன் ஆசனத்தில் பராசக்தி நேரே பார்த்துக்கொண்டு இருந்தாள். எதிரே வந்த தபாற்காரன் சைக்கிளால் இறங்கி நின்று, அன்றைக்கு மட்டும் தலையைக் குனியாமல் வாய் பிளந்து பார்த்தான். அவனிடம் அன்றைக்கும் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது குணலட்சுமி இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பொய்க்குப் படுத்தவள் மெய்யாகவே நித்திரையாகிப் போனாள். ஆழ்வாப்பிள்ளையருக்கு முதுகு முறிந்துவிட்டது. விறாந்தைக்கு வந்தால் சாய்மனைக் கதிரையில் தலையணை, வேட்டி கட்டி, சால்வை போர்த்து, காலுக்குக் கீழே செருப்போடு நிம்மதியாய்க் கிடந்தது. அதை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நிலத்தில் குந்தினார்.

பராசக்தி ஆவி பறக்கக் கோப்பி கொண்டுவந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அப்ப எனக்கு?”

“குசினியிலை கிடக்கு, போய் எடுத்துக் குடியுங்கோ. திருகோணமலைக்குப் போக வெளிக்கிட்ட ஆளுக்குக் குசினிக்குப் போக வழி தெரியாதோ?”